நாற்றங்காலில் மாணவர்கள்: ஃபுளோரிடா கீஸ் பவள வளர்ப்பு ஆய்வில் பள்ளி வயதினரின் பங்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குத் தெற்கே, மயாமியை அடுத்துத் தொடங்கித் தென்மேற்காக வளைந்து செல்லும் சிறு தீவுகளின் வரிசை ஃபுளோரிடா கீஸ் எனப்படுகிறது. இத்தீவுகளின் அட்லாண்டிக் பக்கத்தில் அவற்றுக்கு இணையாகப் பவளப்பாறைத் தொடர் நீண்டு கிடக்கிறது. வடக்கே செயின்ட் லூசி முகத்துவாரத்திலிருந்து மேற்கே டிரை டொர்டூகஸ் வரை அதன் நீளம் ஏறத்தாழ 560 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இத்தொடரின் மேற்பரப்பை முதன்மையாகக் கட்டியெழுப்பியவை அக்ரோபோரா பேரினத்தைச் சேர்ந்த இரண்டு பவளங்கள்: மெல்லிய கிளைகளாகப் பிரியும் மான்கொம்புப் பவளமும், அகன்ற தட்டையான கிளைகளை விரிக்கும் எல்க்கொம்புப் பவளமும். 1970-களின் இறுதியில் கரீபியக் கடலில் பரவிய வெண்பட்டை நோய், 1983-இல் தொடங்கிப் பாசி மேயும் கருமுள் கடல்முள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாக அழித்த மற்றொரு நோய், அடுத்தடுத்து வந்த வெப்ப ஆண்டுகள் ஆகியவற்றால் இவ்விரண்டும் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. 2006-இல் அமெரிக்க அருகிவரும் உயிரினச் சட்டத்தின் கீழ் இரண்டும் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களாகப் பட்டியலிடப்பட்டன.

இந்தக் கடற்பகுதியில் பவளத்தை வளர்த்து மீண்டும் பாறையில் நடும் முயற்சி இன்று பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் தொழில்நுட்பத் துறையாகிவிட்டது. அதன் தொடக்கக் கட்டத்திலும், பின்னர் அது விரிவடைந்த கட்டத்திலும் பள்ளி வயதினர் பங்கு பெற்றிருக்கிறார்கள். அவர்கள் எந்த வேலையைச் செய்தார்கள், அதில் எது ஆய்வாயிற்று, எது வெறும் உழைப்பாக நின்றது, 2023-ஆம் ஆண்டின் கடல்வெப்பம் அந்த உழைப்பை என்ன செய்தது என்பவற்றை இந்த ஆய்வு கவனிக்கிறது.

தொடக்கம்

கென் நெடிமையர் கீ லார்கோ பகுதியில் மீன்தொட்டிகளுக்கான வண்ணமீன்களைப் பிடித்து விற்றுவந்தவர். மீன்தொட்டிகளில் அழகுக்கும் நீர்ச் சுத்திக்கும் வைக்கப்படும் ‘உயிர்ப்பாறை’யைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது ஃபுளோரிடாவில் தடை செய்யப்பட்டபோது, குத்தகைக்குப் பெற்ற கடல்தரையில் சுண்ணாம்புக் கற்களை இறக்கி, அவற்றின்மேல் கடலுயிர்கள் படிந்தபின் எடுத்து விற்கும் பண்ணைமுறை உருவாயிற்று. நெடிமையரும் அப்படி ஒரு பண்ணையை வைத்திருந்தார். அந்தக் கற்களில் யாரும் வைக்காமலேயே மான்கொம்புப் பவளத்தின் இளம் பருவங்கள் படிந்து வளரத் தொடங்கின. கடலிலிருந்து பவளத்தை எடுப்பது குற்றம். ஆனால் குத்தகைத் தரையில், தம்முடைய கற்களின்மேல், தாமாகவே வந்து குடியேறிய பவளத்தை அவர் வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. பவள வளர்ப்பின் வரலாற்றில் இந்தச் சிறு சட்ட இடைவெளிக்கு உள்ள பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை.

அவருடைய பதின்வயது மகள் அப்போது 4-ஹெச் என்னும் இளையோர் இயக்கத்தில் செய்வதற்கு ஒரு திட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிராமப்புறப் பிள்ளைகளுக்காக உருவாகி, வேளாண் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணியோடு இணைந்து இயங்கும் இந்த இயக்கத்தில், பிள்ளைகள் கன்று வளர்ப்பார்கள், காய்கறி பயிரிடுவார்கள்; செய்ததையும் செலவிட்டதையும் கற்றதையும் பதிவேட்டில் எழுதி ஒப்படைப்பார்கள். தந்தையும் மகளும் தேர்ந்தெடுத்த பயிர் பவளம். வளர்ந்த கிளைகளை ஒடித்துத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளைத் தனித்தனியே ஒட்டி வளர்த்து, அவை பெருகியதும் மீண்டும் ஒடித்துப் பெருக்கினார்கள்.

துண்டுகள் நடப்பட்ட இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1984 ஆகஸ்ட் 4 அன்று 122 மீட்டர் நீளமுள்ள வெல்வுட் என்னும் சரக்குக் கப்பல் மொலாசஸ் பாறைத்திட்டின்மேல் ஏறித் தரைதட்டி நின்றது. அதை இழுத்து விடுவிக்கும் முன் 5,805 சதுர மீட்டர் உயிர்ப் பவளம் அழிந்தது. 75,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பாறைப்பரப்பு சேதமுற்றது. 2002-இல் அங்கே செயற்கைக் கட்டமைப்புகள் இறக்கப்பட்டுப் பாறையின் வடிவம் செப்பனிடப்பட்டது. அதையடுத்து, கடல் சரணாலய நிர்வாகத்தின் அனுமதியுடன், தந்தையும் மகளும் வளர்த்த பவளங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சில அங்கே ஒட்டப்பட்டன. இந்த முயற்சியிலிருந்து நெடிமையர் 2007-இல் பவள மீட்பு அறக்கட்டளையை நிறுவினார். அது பின்னர் உலகின் பெரிய பவள நாற்றங்கால்களை நடத்தும் அமைப்புகளில் ஒன்றாயிற்று.

இந்தக் கதை வழக்கமாக ‘ஒரு சிறுமியின் பள்ளித் திட்டம் கடலைக் காத்தது’ என்ற தொனியில் சொல்லப்படுகிறது. அந்தத் தொனி எனக்கு உடன்பாடன்று. கடலடியைப் பல்லாண்டுகள் அறிந்த ஒருவர், சட்டப்படி கையிலிருந்த தாய்ப்பவளம், படகு, அனுமதி ஆகிய நான்கும் ஏற்கெனவே அமைந்திருந்தன. மாணவத் திட்டம் இவற்றோடு சேர்த்தது வேறொன்று: விற்பனைக்காக இல்லாமல், என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு பவளத்தை ஒடித்து வளர்ப்பதற்கான காரணம். வணிகப் பண்ணையில் அந்தக் காரணம் எளிதில் எழாது. அக்காலத்தில் நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தால் ஆய்வகத்திலும் எழுந்திருக்குமா என்பது ஐயமே.

துண்டுபோட்டு வளர்த்தல்

கரும்பை விதையிட்டு வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். கிளைப்பவளமும் அப்படித்தான். புயலில் ஒடிந்து விழும் கிளை தரையில் ஒட்டிக்கொண்டு புதிய கூட்டமாவது அதன் இயல்பான பெருக்கமுறைகளில் ஒன்று. மனிதர் அதையே வேண்டுமென்று செய்கிறார்கள். கரணையில் உள்ள வசதியும் இடர்ப்பாடும் இங்கேயும் உண்டு: ஒரே தாயிலிருந்து எத்தனை ஆயிரம் துண்டுகள் எடுத்தாலும் அவை மரபணுவில் ஒன்றே, ஒன்றைக் கொல்லும் நோயோ வெப்பமோ எல்லாவற்றையும் கொல்லக்கூடும். எனவே நாற்றங்காலில் எத்தனை துண்டுகள் என்பதைவிட எத்தனை மரபுவகைகள் என்பதே பொருளுள்ள கேள்வி. ஒவ்வொரு துண்டும் எந்தத் தாயிலிருந்து வந்தது என்ற குறிப்பு அறுந்துபோனால், அந்தத் துண்டு ஆய்வுக்குப் பயன்படாது. கடலில் நடுவதற்கு மட்டும் பயன்படும்.

நாற்றங்காலின் வடிவமும் எளியதே. பிளாஸ்டிக் குழாய்களை மரக்கிளைகள் போல இணைத்து, மேலே மிதவையும் கீழே நங்கூரமும் கட்டி, கிளைகளில் தூண்டில் நரம்பால் பவளத்துண்டுகளைத் தொங்கவிடுகிறார்கள். துண்டு நீரில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருப்பதால் மணல் மூடுவதில்லை. தரையில் ஊர்ந்து வந்து தின்னும் நத்தைகளும் புழுக்களும் எளிதில் அணுகுவதில்லை. நான்கு பக்கமும் நீரோட்டம் கிடைக்கிறது. ஆனால் குழாய்களிலும் நரம்பிலும் பாசியும் தீப்பவளமும் விரைவில் படர்ந்துவிடும். அவற்றைச் சுரண்டித் துடைக்க வேண்டியது ஓயாத வேலை. நாற்றங்காலுக்கு வரும் தன்னார்வலரும் மாணவரும் பெரும்பாலான நேரத்தைச் செலவிடுவது இந்தச் சுரண்டலில்தான் என்பதை விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை.

பாறாங்கல் போன்று திரண்டு வளரும் பவளங்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராதவை. சம்மர்லேண்ட் கீயில் உள்ள மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வான் என்பவர் தற்செயலாகக் கண்டறிந்த நுண்துண்டாக்கல் முறை அந்தத் தடையை உடைத்தது. தொட்டியின் தரையில் ஒட்டியிருந்த எல்க்கொம்புப் பவளத்தை எடுக்கையில் அது உடைந்து சிறு சிதறல்கள் ஒட்டிக்கொண்டன. இறந்துவிடும் என்று விடப்பட்ட அச்சிதறல்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு விரைவாகப் பரவின. வெட்டுப்பட்ட விளிம்பை மூடுவதற்காகப் பவளம் தன் ஆற்றலைச் செலுத்துவதே இந்த விரைவுக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுத் துண்டுகளை அருகருகே ஒட்டினால், ஒரே மரபுவகையாயின் அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்து ஒரே கூட்டமாகிவிடும். பள்ளி ஆய்வைப் பொறுத்தவரை இந்தக் கண்டுபிடிப்பின் பயன் நேரடியானது: ஒரு பருவத்துக்குள் கண்ணால் காணத்தக்க வளர்ச்சியைத் தரும் பவளங்களின் பட்டியல் நீண்டது.

அளத்தல்

பவள வளர்ப்பில் பள்ளி வயதினர் ஆய்வாளர்களாக ஆகும் இடம் நடுதல் அன்று, அளத்தல். நடுவதைப் பெரியவர்களும் செய்யலாம். கருவிகளும் ஒருநாள் செய்துவிடக்கூடும். ஒரே துண்டை ஒரே முறையில் மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் அளந்து எழுதுவதற்குத் தேவையான கைகள் எந்த ஆய்வகத்திலும் போதிய அளவு இருப்பதில்லை. அந்த வேலையில் உள்ள நுட்பங்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கத்தக்கவை. அவற்றைக் கற்பிக்காமல் அளக்கச் சொன்னால் கிடைக்கும் எண்களை யாரும் பயன்படுத்த முடியாது. ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

மான்கொம்புப் பவளத்தை அளக்கும் வழக்கமான முறை, எல்லாக் கிளைகளின் நீளத்தையும் கூட்டிப் பெறும் மொத்த நீளம். நல்ல சூழலில் ஒரு கிளை ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளக்கூடும் என்பதால், சில வாரங்களிலேயே வேறுபாடு தெரியும். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக் கணினியில் அளப்பதும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அரை சென்டிமீட்டர் புடைப்பைக் கிளை என்று ஒருவர் எண்ணுவார், மற்றவர் எண்ணமாட்டார். கிளை எங்கே தொடங்குகிறது என்பதிலும் இருவர் வேறுபடுவர். இந்த வேறுபாடு ஒரு மாத வளர்ச்சியைவிடப் பெரிதாகவும் இருந்துவிடலாம். எனவே எது கிளை என்பதற்கு எழுதப்பட்ட விதி வேண்டும். ஒரு பகுதித் துண்டுகளையேனும் இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் அளந்து, வேறுபாட்டின் அளவையும் முடிவுகளோடு சேர்த்துத் தர வேண்டும்.

இரண்டாவது முறை நீருக்குள் எடையிடுதல். தராசின் அடிக்கொக்கியில் நூல் கட்டிப் பவளத்தைக் கடல்நீரில் அமிழ்த்தி எடை பார்க்கிறார்கள். உயிர்த்திசுவின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்திக்கு நெருங்கியதாதலால் நீருக்குள் அதற்கு எடை இல்லாதது போலாகிறது. தராசு காட்டுவது சுண்ணாம்பு எலும்புக்கூட்டின் எடையை மட்டும். அந்த எலும்புக்கூடு அரகோனைட் என்னும் கனிமம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.93 கிராம். கடல்நீரின் அடர்த்தி 1.025 எனில், நீருக்குள் 6.5 கிராம் காட்டும் துண்டின் உண்மையான எலும்புக்கூட்டு எடை 10 கிராம். உயிருள்ள பவளத்தைக் கொல்லாமலும் உலர்த்தாமலும் அது எத்தனை மில்லிகிராம் சுண்ணாம்பைச் சேர்த்தது என்று சொல்லும் இந்த முறை, பள்ளி இயற்பியலில் வரும் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் மாறினால் அடர்த்தி மாறும். அடர்த்தி மாறினால் விடையும் மாறும். ஆகையால் அவ்விரண்டையும் ஒவ்வொரு முறையும் குறித்தாக வேண்டும். குறிக்க மறந்த நாளின் எடையைப் பின்னர் எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, நீரின் வேதியியல். பவளம் ஒரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டை உருவாக்கும்போது நீரின் மொத்தக் காரத்தன்மை இரண்டு அலகு குறைகிறது. மூடிய கலத்தில் சில மணிநேரம் பவளத்தை வைத்து, முன்னும் பின்னும் காரத்தன்மையை அமிலத் தரம்பார்த்தல் மூலம் அளந்தால், அந்தச் சில மணிநேரத்தில் அது கட்டிய சுண்ணாம்பின் அளவைக் கணக்கிடலாம். பகலில் வைத்தும் இருளில் வைத்தும் பார்த்தால், பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கைக்கும் எலும்பு கட்டுவதற்கும் உள்ள தொடர்பு எண்களாகவே தெரியவரும். பவளம் இல்லாத வெற்றுக் கலம் ஒன்றையும் உடன் வைக்காவிட்டால் இந்தச் சோதனையிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது.

நிறத்தை அளக்கவும் வழியுண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் நிற அட்டையில் நான்கு நிறவகைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை அடர்த்திப் படிகள் உள்ளன. பவளத்தின் வெளிர்ந்த பகுதியையும் அடர்ந்த பகுதியையும் அட்டையோடு ஒப்பிட்டு எழுதினால் போதும். ஒரே பவளத்தை மீண்டும் பார்க்கையில் இரண்டு படிகள் குறைந்திருந்தால் நுண்பாசி வெளியேறத் தொடங்கியிருப்பதற்கு, அதாவது வெளிறலுக்கு, அது அறிகுறி. இது தொட்டியிலும் பயன்படும், கடலிலும் பயன்படும்.

இவற்றையெல்லாம் கற்ற மாணவரும் வீழும் இடம் ஒன்றுண்டு. முதுநிலை ஆய்வாளர்களும் அதில் வீழ்ந்திருக்கிறார்கள். ஒரு தொட்டியில் வெப்பத்தை இரண்டு டிகிரி உயர்த்தி இருபது துண்டுகளையும், மற்றொரு தொட்டியில் வழக்கமான வெப்பத்தில் இருபது துண்டுகளையும் வளர்த்துவிட்டு, நாற்பது மாதிரிகளைக் கொண்ட சோதனை என்று எழுதுவது. அது நாற்பதன்று, இரண்டு. முதல் தொட்டியின் பம்பு ஓரிரவு நின்றுபோயிருந்தால் இருபது துண்டுகளும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பாதிப்பை வெப்பத்தின் விளைவிலிருந்து பிரித்தறிய வழியில்லை. வெப்பம் தொட்டிக்குத் தரப்பட்டதே தவிரத் துண்டுக்கு அன்று. பல சிறிய தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சில துண்டுகள், எந்தத் தொட்டிக்கு எந்த வெப்பம் என்பது குலுக்கல் முறையில் தீர்மானம் என்ற அமைப்பே சரியானது. இது கூடுதல் செலவு பிடிக்கும் அமைப்பு என்பதால்தான் பள்ளிகளில் தவிர்க்கப்படுகிறது.

கடலில் இறங்கியவர்கள்

தொட்டிக்கு வெளியே, கடலடியிலேயே பணியாற்றும் வாய்ப்பும் ஃபுளோரிடாவில் பள்ளி வயதினருக்குக் கிடைத்தது. ஸ்கூபாநாட்ஸ் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு மூச்சுக்கருவி அணிந்து மூழ்கும் பயிற்சியையும் கடல் அறிவியலையும் சேர்த்துக் கற்பிக்கிறது. 2010-களில் இவ்வமைப்பின் மாணவர்கள் மோட் ஆய்வகத்தின் வழிகாட்டுதலில், போரில் காயமுற்ற முன்னாள் படைவீரர்களோடு இணைந்து, கோடைதோறும் கீஸ் பகுதியில் மான்கொம்புப் பவளங்களைப் பாறையில் நட்டுவந்தனர். பாறையைச் சுரண்டி, ஆணி அடித்தோ கடல்நீரில் இறுகும் பசையிட்டோ துண்டைப் பொருத்தி, எந்த இடத்தில் எந்த மரபுவகை நடப்பட்டது என்று நீரெழுத்துப் பலகையில் குறிப்பது அவர்கள் வேலை. முந்தைய ஆண்டுகளில் நட்டவற்றைத் திரும்பச் சென்று பார்ப்பதும் அதன் பகுதி.

பயிற்சி பெறாத கைகள் நட்டால் பவளம் பிழைக்குமா என்ற ஐயம் நியாயமானது. மயாமி பல்கலைக்கழகத்தில் டியேகோ லிர்மனின் குழு நடத்தும் ‘ரெஸ்க்யூ எ ரீஃப்’ திட்டம் பொதுமக்களை நாற்றங்காலுக்கும் நடும் களத்துக்கும் அழைத்துச் செல்கிறது. அக்குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற பொதுமக்கள் நட்ட துண்டுகளும் வல்லுநர்கள் நட்ட துண்டுகளும் ஒத்த அளவிலேயே பிழைத்தன என்று தெரியவந்தது. பங்கேற்றவர்களின் அறிவு கூடியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஆனால் முதல் முடிவே கனமானது. நடும் கையின் திறமை பவளத்தின் உயிரைத் தீர்மானிக்கவில்லை எனில், எந்த மரபுவகை, எந்த இடம், எந்த ஆண்டு என்பவையே தீர்மானிக்கின்றன. மரபுவகையும் இடமும் வளர்ச்சியையும் பிழைப்பையும் எவ்வாறு மாற்றுகின்றன என்று அதே குழுவினர் தனியே ஆராய்ந்துள்ளனர். ஓரிடத்தில் விரைந்து வளரும் வகை வேறிடத்தில் பின்தங்குவதும் உண்டு.

இங்கே நாட்காட்டியின் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். அக்ரோபோரா பவளங்கள் முட்டையும் விந்தும் வெளியிடுவது ஆகஸ்ட் மாத முழுநிலவையடுத்த சில இரவுகளில். கடல் மிகவும் சூடாவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. புயல்கள் உச்சத்தில் இருப்பதும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில். ஃபுளோரிடாவில் பள்ளிகள் திறப்பதோ ஆகஸ்டின் நடுப்பகுதியில். அதாவது பவளத்தின் வாழ்வில் ஓர் ஆண்டின் முதன்மையான நிகழ்வுகள் எல்லாம், வகுப்பறையைச் சார்ந்த ஆய்வுக்கு ஆளில்லாத வாரங்களிலும் புதிய வகுப்பு இன்னும் நிலைகொள்ளாத வாரங்களிலும் வந்து விழுகின்றன. மேலே கண்ட 4-ஹெச், ஸ்கூபாநாட்ஸ் ஆகிய இரண்டு பங்கேற்புகளும் பள்ளிக் கால அட்டவணைக்கு வெளியே, இயக்கமாகவும் மன்றமாகவும் நடந்தவை என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. மன்றத்தில் பன்னிரண்டு வயதில் சேர்பவர் பதினெட்டு வரை இருக்கிறார், மூத்தவர் இளையவருக்கு அளக்கக் கற்றுத்தருகிறார், பதிவேடு கைமாறுகிறது. ஒரு கல்வியாண்டுக்கென வடிவமைக்கப்பட்ட வகுப்புத் திட்டத்தில் ஜூன் மாதத்தோடு தொட்டியும் பதிவும் அனாதையாகின்றன.

அனுமதி பற்றியும் ஒரு சொல். பவளத்தைத் தொடுவதற்கும் ஒடிப்பதற்கும் நடுவதற்கும் ஃபுளோரிடா கீஸ் தேசியக் கடல் சரணாலயத்தின் ஒப்புதல் வேண்டும். அதைப் பெறுவது ஆய்வகம், மாணவர் அதன் கீழ் பணியாற்றுகிறார். நம் மன்னார் வளைகுடாவில் விதி இன்னும் கடுமையானது: 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அங்கே பவள மறுநடவு செய்துவருகிறது. இராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ உள்ள பள்ளி இத்தகைய ஆய்வில் இறங்க விரும்பினால், கரையொதுங்கிய துண்டைக்கூட எடுத்துத் தொட்டியில் இடாமல், உரிமம் பெற்ற நிறுவனத்தின் களத்தில் எண்ணுவது, படமெடுப்பது, நிற அட்டையோடு ஒப்பிடுவது ஆகிய தொடாப் பணிகளிலிருந்து தொடங்குவதே முறை. அவையும் ஆய்வுதான்.

2023

2023 ஜூலையில் ஃபுளோரிடாவின் கடல்நீர் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு, வழக்கத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே, சூடேறியது. ஜூலை 24 அன்று மனாட்டி விரிகுடாவின் ஆழமற்ற, கலங்கிய நீரில் இருந்த கருவி 38.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. அது பவளப்பாறையின் வெப்பமன்று எனினும் செய்திகளில் அந்த எண்ணே நின்றது. பாறைகளின் நிலை அதைவிடக் கவலைக்குரியதாக இருந்தது. ஜூலை 20 அன்று சொம்ப்ரேரோ பாறைக்குச் சென்ற பவள மீட்பு அறக்கட்டளையினர், அங்கே தாம் நட்டு வளர்த்த பவளங்கள் நூறு விழுக்காடும் இறந்திருப்பதைக் கண்டு அறிவித்தனர். கடல் நாற்றங்கால்களிலிருந்த ஆயிரக்கணக்கான துண்டுகள் அவசரமாகக் கழற்றப்பட்டுக் கரையிலுள்ள ஆய்வகத் தொட்டிகளுக்குக் கொண்டுவரப்பட்டன. எல்லாவற்றையும் கொண்டுவர இடமில்லை; எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்போது ஒவ்வொரு மரபுவகையிலிருந்தும் சில துண்டுகளையேனும் காப்பது என்ற முடிவைச் செயல்படுத்த உதவியது, எந்தத் துண்டு எந்தத் தாயிலிருந்து வந்தது என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த பதிவேடுகளே.

2025 அக்டோபரில் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, ஃபுளோரிடாவின் 52,000-க்கும் மேற்பட்ட அக்ரோபோரா கூட்டங்களின் நிலையைத் தொகுத்தது. கீஸ் பகுதியிலும் டிரை டொர்டூகஸிலும் 97.8 முதல் 100 விழுக்காடு வரை இறந்திருந்தன. இவ்விரு இனங்களும் ஃபுளோரிடாவில் செயல்நிலையில் அற்றுப்போய்விட்டன என்பது அதன் முடிவு: தனித்தனிக் கூட்டங்கள் எஞ்சியிருக்கலாம்; பாறை கட்டுவதிலோ இனம் பெருக்குவதிலோ அவற்றின் பங்கு முடிந்துவிட்டது. இறந்த கூட்டங்களில் நடப்பட்டவையும் அடங்கும். அவற்றுள் பள்ளி வயதினர் நட்டவையும் இருந்திருக்கும்.

நட்ட எண்ணிக்கையையே சாதனையாகக் காட்டிவந்த திட்டங்களுக்கு இது பேரிழப்பு. ஆனால் நடப்பட்ட ஒவ்வொரு துண்டின் மரபுவகை, இடம், நாள், வளர்ச்சி ஆகியவை எழுதப்பட்டிருந்த இடங்களில் இழப்பும் தரவாயிற்று: எந்த ஆழத்தில் இருந்தவை சில வாரங்கள் கூடுதலாகத் தாங்கின, குளிர்நீர் எட்டும் வடபகுதியில் எவை பிழைத்தன, முன்னர் விரைந்து வளர்ந்தவை வெப்பத்தைத் தாங்குவதில் பின்தங்கினவா என்ற கேள்விகளை அந்தப் பதிவுகளை வைத்தே கேட்க முடிகிறது. தென்கிழக்கு ஃபுளோரிடாவின் கரைக்கப்பாலுள்ள, சற்றுக் குளிர்ந்த நீரில் இறப்பு ஏறத்தாழ 38 விழுக்காடாகவே இருந்தது. கணக்கில்லாமல் நடப்பட்ட துண்டு இறந்தபோது இறந்தது என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. மாணவர் திட்டங்களின் ஆண்டறிக்கைகளில் ‘இத்தனை பவளங்கள் நடப்பட்டன’ என்ற வரியைத் தலைப்பிலிருந்து இறக்கிவிட்டு, ‘இத்தனை பவளங்கள் இத்தனை மாதங்களுக்குப் பின் மீண்டும் அளக்கப்பட்டன’ என்ற வரியை அங்கே ஏற்ற வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

அதன்பின் ஃபுளோரிடாவில் ஆய்வின் திசை மாறியிருக்கிறது. உள்ளூர்ப் பவளத்தைத் துண்டுபோட்டுப் பெருக்குவது மட்டும் போதாது என்பது ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஹொண்டுராஸ் நாட்டின் டேலா விரிகுடாவில் சூடான, கலங்கிய நீரிலும் செழித்திருக்கும் எல்க்கொம்புப் பவளங்கள் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உள்ளூர்ப் பவளங்களோடு கலக்கப்பட்டன. அந்தக் கலப்பில் பிறந்தவை ஃபுளோரிடா அக்வேரியத்தில் வளர்க்கப்பட்டு, மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்களால் 2025 ஜூலையில் மயாமிக்கு அருகே கடலில் நடப்பட்டன. கலப்பில் பிறந்தவையும் உள்ளூர்ப் பவளங்களும் அருகருகே நிற்கின்றன. அவற்றின் அருகே வெப்பமானிகள் உள்ளன. இனி வரும் ஒவ்வொரு கோடையிலும் இரண்டையும் ஒரே விதிப்படி அளந்து, வெளிர்வதையும் மீள்வதையும் கிழமைதோறும் குறித்தால்தான் கலப்பு உண்மையில் பயன் தந்ததா என்று தெரியவரும். அதற்கு ஐந்து, பத்துக் கோடைகள் தேவைப்படும். ஓர் ஆய்வுநிதியின் காலம் வழக்கமாக அதைவிடக் குறைவு. பன்னிரண்டு வயதில் மன்றத்தில் சேர்ந்து இந்த ஆண்டு முதல் அளவை எடுக்கும் மாணவர் பதினெட்டு வயதில் விலகும்போது, ஆறு கோடைகளின் தொடர் பதிவு அடுத்தவர் கைக்குச் சென்றிருக்கும்.